குளம், சானல், குப்பை, மணல்: ஓட்டுக் கேட்டு வருவோரிடம் என்ன கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

குமரி மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்துப் போட்டியிட நினைப்பவர்கள் எல்லோரும் இந்த முறை சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசுகிறார்கள். அது குறித்து வந்த கேள்விகளுக்கே இந்த இதழின் பகுதியை ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் ஊராட்சியில் தலைவர் பதவிக்கு நிற்கப்போவதாகச் சொல்லும் மூன்று பேருமே “குளங்களைத் தூர்வாருவேன்” என்கிறார்கள். யார் விவரம் தெரிந்து பேசுகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ராஜாக்கமங்கலம் ஒன்றியம்

முதலில் குளத்தின் சர்வே எண்ணைக் கேளுங்கள். நம் மாவட்டத்தில் குளங்கள் ஒரே கையில் இல்லை. பாசனக் குளங்களில் பல நீர்வளத் துறையிடம், சிறு குளங்கள் ஊராட்சியிடமோ ஒன்றியத்திடமோ, தெப்பக்குளங்கள் கோயிலிடம் என்று பிரிந்து கிடக்கின்றன. நீர்வளத் துறைக் குளத்தில் ஊராட்சித் தலைவர் தன் விருப்பத்துக்கு ஒரு கூடை மண் அள்ள முடியாது. சர்வே எண் தெரிந்தால் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேட்டையும் (நில விவரப் பதிவேடு) புலப்படத்தையும் (நில வரைபடம்) நீங்களே பார்க்கலாம். பதிவேட்டில் உள்ள பரப்பு 2 ஏக்கர், கண்ணில் தெரிவது ஒன்றரை ஏக்கர் என்றால், தூர்வாருவதற்கு முன்னால் நில அளவை நடந்தாக வேண்டும். அளக்காமல் தோண்டினால் ஆக்கிரமித்தவரின் வேலியே குளத்தின் எல்லையாகிவிடும்.

அடுத்து, அள்ளும் மண் எங்கே போகும் என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரு ஏக்கர் குளத்தில் ஓரடி வண்டலை எடுத்தால் ஏறத்தாழ 1,230 கன மீட்டர் வரும். 3 யூனிட் டிப்பரில் 145 லோடு. அவ்வளவையும் கரையிலேயே குவித்து வைத்தால் அடுத்த இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பாதி திரும்பக் குளத்துக்குள் இறங்கிவிடும். விவசாயத்துக்கு வண்டல் எடுக்க வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம் என்று 2024இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை எடுக்கலாம். அந்தக் கணக்கில், நன்செய்க்கு மட்டும் கொடுத்தால் ஒரு ஏக்கர் குளத்து வண்டலை வாங்கிக்கொள்ள 16, 17 ஏக்கர் வயல் வேண்டும். எந்த ஏலாக்காரர்கள் (வயல்காரர்கள்) எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லத் தெரிந்த வேட்பாளர் வீட்டுப்பாடம் செய்தவர். இந்த அனுமதி மாவட்ட அரசிதழில் அறிவித்த குளங்களுக்கு மட்டுமே உண்டு. உங்கள் குளம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தோண்டும் முறையில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பொக்லைனை இறக்கி நடுவில் கிணறுபோல் ஆழமாக்கிவிட்டு “கொள்ளளவு கூடிவிட்டது” என்பார்கள். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. அது நிலத்தடி நீருக்கும் மாட்டுக்கும் மட்டுமே உதவும். பாசனக் குளம் என்றால் மடை மட்டத்துக்கு மேலே படிந்திருக்கும் வண்டலை குளம் முழுக்கப் பரவலாக எடுப்பதே பலன் தரும். அடியில் இருக்கும் களிமண் படுகையைக் கிழித்துச் செம்மண் தெரியும்வரை போனால் குளம் தண்ணீர் பிடிக்காது. கரையின் அடியிலிருந்து குறைந்தது 5 மீட்டர் விட்டுத்தான் வெட்ட வேண்டும். ஓரங்களில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு இரண்டு மீட்டர் அகலம் என்ற சரிவு வேண்டும். செங்குத்தாக வெட்டிய குளத்தில் குளிக்க இறங்கும் பிள்ளைகளுக்கு இரண்டாவது அடியிலேயே கால் நிலைக்காது. உயிர் போகிற விஷயம் என்பதால் இதை வேட்பாளரிடம் எழுதியே கொடுங்கள்.

தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. சுசீந்திரம் – தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் இரண்டும் 2022இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை. அங்கே “முழுக் குளத்தையும் சுத்தமாக்குவேன்” என்பவருக்கு வாக்களிக்கும் முன் யோசியுங்கள். ஆழமில்லாத ஓரங்களும் சம்புப் புல்லும் இருந்தால்தான் பறவை வரும். ஆகாயத்தாமரையை மட்டும் எடுப்பது, கழிவுநீர் வரும் ஓடையைத் திருப்புவது என்று பேசுகிறவரே அந்தக் குளத்தைப் புரிந்துகொண்டவர்.

ஒரே நாளில் நான்கு ஓட்டுப் போடச் சொல்கிறார்கள். எதற்கு எந்தக் கேள்வி கேட்பது?
– வாசகி, மேல்புறம் ஒன்றியம்

ஊராட்சிகளில் வார்டு உறுப்பினர் (வெள்ளை அல்லது நீலச் சீட்டு), ஊராட்சித் தலைவர் (இளஞ்சிவப்பு), ஒன்றிய உறுப்பினர் (பச்சை), மாவட்ட ஊராட்சி உறுப்பினர் (மஞ்சள்) என நான்கு. முதல் இரண்டும் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. தெரு ஓடை, குப்பை வண்டி, தெருக்குழாய் ஆகியவற்றை வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். ஊராட்சியின் நிர்வாக அதிகாரம் தலைவரிடம் இருப்பதால் குளம், ஏலம், உரக்கிடங்கு எல்லாம் அவரிடம். இரண்டு மூன்று ஊராட்சிகளைத் தொடும் ஓடையோ சாலையோ என்றால் ஒன்றிய உறுப்பினர்.

ஆனால் நம் மாவட்டத்தில் இந்த நான்கு ஓட்டும் உள்ளவர்கள் சிறுபான்மையினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குமரி மக்களில் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தில் வாழ்கிறார்கள். காரணம், இங்கே பேரூராட்சிகள் அதிகம், ஊராட்சிகள் 95தான். பேரூராட்சியிலும் நகராட்சியிலும் நாகர்கோவில் மாநகராட்சியிலும் உங்களுக்கு ஒரே ஓட்டு, வார்டு உறுப்பினருக்கு. 2022 தேர்தலில் தலைவரையும் மேயரையும் அந்த உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தார்கள். அன்றாட நிர்வாகம் செயல் அலுவலர் அல்லது ஆணையர் கையில். ஆகவே அங்கே நிற்பவர் “நான் செய்வேன்” என்றால், “மன்றத்தில் என்ன தீர்மானம் கொண்டுவருவீர்கள்?” என்று கேட்பதே சரி.

குளிக்கிற குளத்தை மீன் குத்தகைக்கு விட்டதிலிருந்து தண்ணீர் பச்சையாகி நாறுகிறது. உடம்பெல்லாம் அரிக்கிறது. வேட்பாளர்களிடம் என்ன உறுதி வாங்குவது?
– வாசகி, கல்குளம் வட்டம்

குத்தகைக்காரர் கோழிக்கடைக் கழிவைத் தீனியாகக் கொட்டுகிறாரா என்று பாருங்கள். இறகு மிதப்பதும், தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் நிற்பதும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதும் அடையாளங்கள். கழிவிலுள்ள சத்தால் பாசி பெருகுகிறது. இரவில் அந்தப் பாசியும் அழுகும் கழிவும் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால்தான் விடிகாலையில் மீன் மூச்சு முட்டுகிறது. இரண்டு நாள் மேகமூட்டமாக இருந்தால் மொத்தமாகச் செத்து மிதக்கும்.

இது முழுக்க உள்ளாட்சியின் கையிலேயே இருக்கும் விஷயம், குளம் அதன் பொறுப்பில் இருக்குமானால். ஏல அறிவிப்பில் நிபந்தனைகளை எழுதுவது அவர்கள்தான். இறைச்சிக் கழிவும் சாணமும் உரமும் போடக் கூடாது; மீன் பிடிக்கத் தண்ணீரை முழுதாக வடிக்கக் கூடாது; மீறினால் வைப்புத்தொகை பறிபோகும், குத்தகை அன்றே ரத்து: இந்த மூன்றையும் அடுத்த ஏல அறிவிப்பில் சேர்ப்பேன் என்று வேட்பாளர் சொல்லட்டும். தாமரைக் குத்தகைக்கும் இதே போல், பூச்சிமருந்து அடிக்கக் கூடாது என்று எழுத வேண்டும். தோவாளைப் பூச்சந்தைக்குப் போகிற தாமரையில் புழு விழக் கூடாது என்று அடிக்கிற மருந்து, குளிப்பவர்கள் மேல்தான் படிகிறது. குளிக்கும் குளத்தை ஏலத்திலிருந்து அடியோடு நீக்குவேன் என்று யாராவது சொன்னால் இன்னும் நல்லது. குத்தகை வருமான இழப்பு எவ்வளவு, அதை எதிலிருந்து ஈடுகட்டுவார் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

கடைமடைக்குத் தண்ணீர் வருவதில்லை. சானலை (பாசனக் கால்வாயை) சுத்தம் செய்வேன் என்கிற வாக்குறுதியை நம்பலாமா?
– வாசகர், தோவாளை ஒன்றியம்

மாதத்தைக் கேளுங்கள். கன்னிப்பூவுக்கு (முதல் போக நெல்லுக்கு) பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வழக்கமாக ஜூன் 1இல் திறக்கப்படுகிறது. பிப்ரவரிக் கடைசியில் அடைப்பார்கள். சானலில் இறங்கி வேலை செய்ய மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதங்கள்தான். டெண்டர் ஏப்ரலில் விட்டால் வேலை மே இறுதியில் தொடங்கும். தண்ணீர் வந்ததும் “மீதி அடுத்த ஆண்டு” என்று நின்றுபோகும். அள்ளிய மண்ணும் கரையிலேயே கிடக்கும்.

சானல் நீர்வளத் துறையின் பொறுப்பு. உள்ளாட்சி செய்யக்கூடியதும் ஒருவரும் பேசாததும் வேறொன்று: சானல்கரை வீடுகளின் கழிவுநீர்க் குழாய்களை அடைப்பது. வீட்டுக்கு வீடு கணக்கெடுத்து, குளியல், சமையல் நீருக்கு உறிஞ்சுகுழி அமைக்க வேண்டும். குழியின் அடிப்பகுதி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டராவது மேலே இருக்க வேண்டும். கிணற்றிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சோப்பு நுரையும் எண்ணெயும் நேராகக் குழிக்குப் போனால் ஓராண்டில் மண் துளைகள் அடைபட்டு மேலே பொங்கும். முன்னால் ஒரு சிறு வண்டல் தொட்டி கட்டி மாதம் ஒருமுறை அள்ளினால் பொங்காது. கழிப்பறைத் தண்ணீரை இந்தக் குழியில் விடவே கூடாது. கடற்கரை ஊர்களில் நீர்மட்டம் மேலேயே இருப்பதால் தோண்டும் குழி பயன்படாது; மேடாக்கிக் கட்டிய பாத்தியில் வாழை, கல்வாழை வைத்து விடுவதே சரியாக வரும்.

எங்கள் வார்டில் ஒருவர் “குப்பையை எரிக்கும் எந்திரம் வாங்குவேன், கிடங்கே இருக்காது” என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. சாத்தியமா?
– வாசகர், மார்த்தாண்டம்

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சோறு, மீன் செதில், காய்கறித் தோல், தேங்காய்ச் சக்கை. ஈரக் குப்பை தானாக எரியாது. டீசலோ விறகோ போட்டுத்தான் எரிக்க வேண்டும். வெப்பம் 850 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும்போது குளோரின் கலந்த பிவிசி போன்ற பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் உண்டாகும். அது புற்றுநோய்க்குக் காரணமாகிற நஞ்சு. சிறு எந்திரங்களில் மழை நாளில் அந்த வெப்பம் நிற்பதில்லை.

அதற்குப் பதில் இந்தக் கணக்கை அவர்முன் வையுங்கள். 1,000 வீடு, வீட்டுக்கு முக்கால் கிலோ என்றால் நாளுக்கு 750 கிலோ. அதில் மட்கும் குப்பை 450 கிலோ என்று வைத்துக்கொள்வோம், ஏறத்தாழ 0.9 கன மீட்டர். அதில் பாதி அளவு காய்ந்த சருகு சேர்த்தால் 1.3 கன மீட்டர் ஆகும். 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள தொட்டி மூன்றரை நாளில் நிறையும். மட்க 45 நாள் என்றால் 13 தொட்டி, மாற்றி மாற்றிக் காலி செய்ய இன்னும் இரண்டு. ஆக 15. “ஒரு உரக்கிடங்கு கட்டுவேன்” என்று சொல்லி நான்கு தொட்டி கட்டினால் இரண்டே வாரத்தில் நிரம்பி, அடுத்த நாள் குப்பை தொட்டிக்கு வெளியே விழும். பல ஊர்களில் உரக்கிடங்கு பூட்டிக் கிடப்பதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குப் பிழைதான்.

மீதிக் காரணம் மழையும் சருகும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கூரை இல்லாத தொட்டியில் தண்ணீர் தேங்கி, காற்றுப் போகாமல், அழுகல் நாற்றம் கிளம்பும், புழு நெளியும், அக்கம்பக்கத்தார் பூட்டச் சொல்வார்கள். ஒரு பிடி குப்பையைக் கையுறையோடு பிழிந்து பாருங்கள்: ஓரிரு சொட்டு வந்தால் பதம், ஒழுகினால் ஈரம் அதிகம். சருகோ தென்னை நார்க்கழிவோ கலந்து கிளற வேண்டும். ரப்பர் இலை உதிரும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தோட்டங்களில் சருகு சும்மா கிடைக்கும். சாக்கில் கட்டி மழை படாமல் வைத்தால் ஆண்டு முழுவதும் ஓடும். வாரம் ஒருமுறை புரட்ட ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்று கேளுங்கள். 15ஆவது நிதிக்குழுக் காலத்தில் ஊராட்சி மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டிருந்தது. எனவே பணமே இல்லை என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

இவ்வளவும் வாசலிலேயே பிரித்து வாங்கினால்தான் நடக்கும். ஒரு தூய்மைக் காவலர் ஒரு காலையில் 150 வீட்டுக்கு மேல் ஏறி இறங்க முடியாது. 1,000 வீட்டுக்கு ஏழு பேர். இரண்டு அறை உள்ள வண்டி வேண்டும். நாம் பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் கலந்து கொட்டினால் அடுத்த வாரம் யாரும் பிரிக்க மாட்டார்கள்.

கேரளத்திலிருந்து இரவில் கழிவு கொண்டுவந்து கொட்டும் வண்டிகளைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறீர்கள். சோதனைச்சாவடி காவல்துறையின் கையில். உள்ளாட்சி செய்யக்கூடியது, கழிவு கொட்ட இடம் கொடுக்கும் உள்ளூர் நில உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பி அபராதம் விதிப்பது. இடம் கொடுப்பவர் இல்லாமல் வண்டி வராது.

“அணுக்கனிம மணல் சுரங்கத்தை ஊராட்சித் தீர்மானம் போட்டே நிறுத்துவேன்” என்கிறார் ஒருவர். முடியுமா?
– வாசகர், கிள்ளியூர் வட்டம்

தீர்மானத்தால் மட்டும் நிறுத்த முடியாது. கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய கிராமங்களில் 1,144 ஹெக்டேரில் மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் மணல் எடுக்கும் திட்டம் இது. மோனசைட் போன்ற அணுக்கனிமங்கள் மீதான முடிவு மத்திய அரசின் பிடியில் உள்ளது. 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் மக்கள் எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில் அணுக்கனிமத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்துவிட்டது. மக்கள் பேச இருந்த ஒரு வாசல் அப்படி அடைபட்ட பிறகு, கிராம சபையும் மன்றத் தீர்மானமும் முன்னைவிட முக்கியமாகிவிட்டன. நீதிமன்றத்திலும் பசுமைத் தீர்ப்பாயத்திலும் ஊரின் நிலைப்பாட்டுக்கு எழுத்துச் சான்று அவைதான்.

“சுரங்கத்தை எதிர்க்கிறோம்” என்ற ஒற்றை வரித் தீர்மானம் பலவீனமானது. பாதிக்கப்படும் சர்வே எண்கள், அவற்றில் உள்ள வீடுகள், குடிநீர்க் கிணறுகள், பள்ளி, வழிபாட்டிடம், வள்ளங்கள் கரையேறும் இடம் எல்லாம் எண்ணிக்கையோடு இருக்க வேண்டும். கடலோர மணல்மேடு போனால் கிணற்றில் உப்பு ஏறும் என்பதற்கு, இப்போதே மாதம் ஒருமுறை கிணறுகளின் நீர்மட்டமும் உப்பளவும் குறித்து வைத்த பட்டியல் இணைந்தால் அதை ஒதுக்கித் தள்ளுவது கடினம். இந்தப் பதிவேட்டைத் தொடங்குவேன் என்று சொல்லும் வேட்பாளரையே நாங்கள் மதிப்போம். கொல்லங்கோடு இப்போது நகராட்சி. அங்கே கிராம சபை கிடையாது. நகர்மன்றத் தீர்மானம்தான் வழி என்பதை அந்த வார்டுகளில் நிற்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சுற்றுச்சூழல் பேசுகிறவரே தெருவெல்லாம் பிளக்ஸ் கட்டுகிறார்.
– வாசகி, நாகர்கோவில்

பிளக்ஸ் பிவிசி பூசியது. மறுசுழற்சிக்கு எடுப்பவர் அரிது. துணிப் பதாகை, சுவர் உரிமையாளரின் அனுமதியோடு எழுத்து என்று செய்யலாம். அனுமதியில்லாத பதாகையைப் படமெடுத்துத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுங்கள்; அகற்றும் செலவும் வேட்பாளர் கணக்கில் ஏற வேண்டும் என்று கேளுங்கள். 2019இல் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்குச் செலவு வரம்பு 34,000 ரூபாய்தான்.

ஜெயித்த பிறகு எப்படிப் பிடிப்பது?
– வாசகர், முஞ்சிறை ஒன்றியம்

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைவெண் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) உண்டு. மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சிக்கு 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆள் சேராமல் கையெழுத்து மட்டும் வீடு வீடாக வாங்கினால் ஆட்சியருக்கு எழுதலாம். உங்கள் கோரிக்கையை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கப்பட்டதும், பதிவேட்டில் எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போட்ட கையெழுத்துக்கு மேலே என்ன வேண்டுமானாலும் எழுதலாம். நகர்ப்புறத்தாருக்கு 2022 விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. கூட்டாத உறுப்பினரிடம் தேதி கேட்டு எழுதுங்கள்.

ஊராட்சியின் வரவு செலவை மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். அங்கே “குளம் தூர்வாருதல்” என்று ஒரு வரி இருந்தால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய தகவல் உரிமை மனுவில் அந்த வேலையின் மதிப்பீடு, அளவுப் புத்தகம், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் மூன்றையும் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். அளவுப் புத்தகத்தில் எழுதிய நீள அகல ஆழத்தைக் குளத்தில் தண்ணீர் வற்றியிருக்கும் ஏப்ரல், மே மாதத்தில் டேப் பிடித்துச் சரிபார்க்கலாம். மழைக்குப் பிறகு போனால் தண்ணீருக்கு அடியில் எதையும் அளக்க முடியாது.